எமர்ஜென்சியில் பார்த்தவர் நிஜமாகவே நிபுணரா? சொக்சோ அங்கே செல்லுமா?

கேள்வி: வணக்கம் டாக்டர். நாங்கள் மலேசியாவில், பேராக்கின் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் இருக்கிறோம். என் வீட்டுக்காரருக்கு 52 வயது. ஒரு காண்ட்ராக்டரிடம் செம்பனைக் குலை வெட்டுகிறார். போன மாதம் விடியற்காலையில் பெரட்டுக்கு (வேலைக்கு முன் ஆள் கணக்கெடுக்கும் இடம்) போகும்போது செம்மண் சாலையில் மோட்டார் சறுக்கி, கைப்பிடி இடது விலாவில் குத்திவிட்டது. டவுனில் ஒரு 24 மணி நேரக் கிளினிக்கில் காட்டினோம். போர்டில் 'அவசர சிகிச்சை' என்று போட்டிருந்தது. வலிக்கு ஊசி போட்டு, மாத்திரை கொடுத்து, 180 வெள்ளி (ரிங்கிட்) வாங்கிக்கொண்டு அனுப்பினார்கள். சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு) இருக்கிறது என்று சொன்னோம், இங்கே செல்லாது என்றார்கள். மத்தியானம் குளிக்கப் போனவர் மயங்கி விழுந்துவிட்டார். அரசாங்க ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அங்கே பார்த்த டாக்டர் என் மகனைவிடச் சின்னப் பிள்ளை மாதிரி இருந்தார். வயிற்றில் எதையோ தடவி டிவியில் பார்த்தார். உடனே ஆம்புலன்ஸில் ஈப்போவுக்கு அனுப்பினார். ஈப்போவில் ஆபரேஷன் செய்து மண்ணீரலை எடுத்துவிட்டார்கள். இப்போது இரண்டு மாத எம்சியில் (மருத்துவ விடுப்பில்) வீட்டில் இருக்கிறார்.

எமர்ஜென்சியில் பார்க்கிற டாக்டர் உண்மையான டாக்டரா, நிபுணரா என்று எங்களைப் போன்றவர்கள் எப்படித் தெரிந்துகொள்வது? முதலிலேயே சர்டிஃபிகேட்டைக் கேட்டிருக்க வேண்டும் என்று என் கொழுந்தனார் திட்டுகிறார். சொக்சோ, அரசாங்க இன்சூரன்ஸ் இதையெல்லாம் எந்த ஆஸ்பத்திரியில் ஏற்றுக்கொள்வார்கள்? காண்ட்ராக்டர், "உனக்கு டன் கணக்கில் கூலி, நீ என் ஆள் இல்லை, சொக்சோ கிடையாது" என்கிறார். என்ன செய்வது?

ஒரு வாசகி, சுங்கை சிப்புட்

பதில்:

அன்புள்ள சகோதரி,

முதலில் உங்கள் கொழுந்தனாரிடம் நான் சொன்னதாக ஒன்று சொல்லுங்கள். அன்று காலை நீங்கள் சர்டிஃபிகேட் கேட்காதது தவறே இல்லை. விலாவைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்குகிறவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, சுவரில் மாட்டியிருப்பதை யாரால் படிக்க முடியும்? பல வருடங்களாக அரசாங்க ஆஸ்பத்திரி எமர்ஜென்சியில் வேலை செய்கிறேன். கணவரையோ குழந்தையையோ தூக்கிக்கொண்டு ஓடி வருகிறவர்கள் என் பெயரைக்கூடக் கேட்பதில்லை. கேட்கவும் வேண்டாம். அந்த நேரத்தில் பார்க்க வேண்டியது இடத்தை. ஆளின் தகுதியை இன்னொரு நாள் வீட்டில் உட்கார்ந்து கைபேசியிலேயே பார்த்துவிடலாம். எதை எப்போது பார்ப்பது என்பதில் வரும் குழப்பத்தால் நம்மவர்கள் நேரத்தை இழப்பதை அடிக்கடி பார்க்கிறேன், அதனால்தான் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

'கிளினிக் 24 ஜாம்' (24 மணி நேரக் கிளினிக்) என்று போர்டில் இருந்தால் இரவிலும் திறந்திருக்கும் என்று அர்த்தம். அவ்வளவுதான். காய்ச்சல், வயிற்றுப்போக்கு, நாலு தையல் போடும் அளவு வெட்டுக்காயம், இதற்கெல்லாம் அது போதும். பக்கத்திலேயே இருப்பது நல்லதும்கூட. ஆனால் அங்கே ரத்த வங்கி இருக்காது, ஆபரேஷன் அறை இருக்காது. நெஞ்சு வலி, திடீரென்று வாய் கோணுவது, ஒரு பக்கக் கை கால் விழுவது, மூச்சுத் திணறல், பாம்புக் கடி, மோட்டாரில் அடிபட்டது, உயரத்திலிருந்து விழுந்தது, இவற்றில் எதுவாக இருந்தாலும் நேராக ஆஸ்பத்திரிதான். 999-க்கு அழையுங்கள். தோட்டத்துக்குள்ளே எந்த நம்பர் கட்டையில் இருக்கிறீர்கள், எந்தக் கோயிலுக்குப் பக்கத்தில் என்று சொல்லி, ஒருவரை மோட்டாரில் பெரிய ரோட்டு முனைக்கு அனுப்பி நிற்க வையுங்கள். செம்பனைக்குள் எல்லா ரோடும் ஒரே மாதிரிதான் இருக்கும், ஆம்புலன்ஸ் டிரைவர் சுற்றிக்கொண்டே இருப்பார்.

அந்தக் கிளினிக் டாக்டர் செய்தது சரியா தவறா என்று நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். அன்று காலை அவர் பார்த்த நாடியும் பிரஷரும் என்ன என்று எனக்குத் தெரியாது. மண்ணீரல் கொஞ்சம் ஏமாற்றும் உறுப்பு. வெளியே சின்னச் சிராய்ப்புதான் தெரியும், உள்ளே கிழிந்திருக்கும். ரத்தம் முதலில் அதன் மெல்லிய உறைக்குள் தேங்கி நின்று, சில மணி நேரம் கழித்து வயிற்றுக்குள் கொட்டும். காலையில் நடந்து வந்தவர் மத்தியானம் சாய்வது இதனால்தான். ஆனாலும் இதை மறைக்காமல் சொல்கிறேன்: கைப்பிடி இடது விலாவில் குத்தியது என்று கேட்டவுடன், ஸ்கேன் இல்லாத இடத்தில் இருக்கும் டாக்டர், "எதற்கும் ஆஸ்பத்திரியில் ஒரு தடவை காட்டிவிடுங்கள்" என்று கடிதம் எழுதி அனுப்பியிருக்க வேண்டும். உங்கள் மனக்குறையை அந்தக் கிளினிக்குக்கு எழுத்தில் கொடுங்கள். தனியார் மருத்துவ நிலையம் எதுவானாலும் நோயாளியின் புகாரைக் கேட்க ஓர் ஏற்பாடு வைத்திருக்க வேண்டும் என்று 1998-ஆம் ஆண்டின் தனியார் சுகாதாரப் பராமரிப்பு வசதிகள் சட்டம் சொல்கிறது. அங்கே சரியான பதில் வராவிட்டால் மாநிலச் சுகாதார இலாகாவுக்குப் போகலாம்.

இப்போது அந்த 'சின்னப் பிள்ளை' டாக்டருக்கு வருவோம். உங்கள் கடிதத்தில் நான் இரண்டு முறை படித்தது அந்த வரியைத்தான்.

அவர் வயிற்றில் தடவியது ஜெல். டிவி என்று நீங்கள் சொன்னது அல்ட்ராசவுண்ட். அவர் பார்த்தது நான்கு இடங்களை: கல்லீரலுக்கும் வலது சிறுநீரகத்துக்கும் நடுவே, மண்ணீரலுக்கும் இடது சிறுநீரகத்துக்கும் நடுவே, இதயத்தைச் சுற்றி, அப்புறம் அடிவயிற்றில் மூத்திரப் பையை ஒட்டி. திரையில் உறுப்புகள் சாம்பல் நிறத்தில் தெரியும். ரத்தம் தேங்கியிருந்தால் அந்த இடத்தில் மட்டும் கறுப்பாக ஒரு பட்டை தெரியும். சில நிமிட வேலைதான். ஆனால் அந்தக் கறுப்புப் பட்டையைப் பார்த்த அடுத்த நிமிடம், இரண்டு கையிலும் பெரிய ஊசிக் குழாய் ஏற்றி, ரத்தத்துக்குச் சொல்லி, ஈப்போ சர்ஜனைத் தொலைபேசியில் பிடித்து, ஆம்புலன்ஸைக் கிளப்ப வேண்டும். தயங்கினால் ஆள் போய்விடுவார். உங்கள் கணவர் இன்று வீட்டில் உட்கார்ந்திருக்கிறார் என்றால், அந்தப் பிள்ளை தயங்கவில்லை என்று அர்த்தம்.

அவர் நிபுணரா? பெரும்பாலும் இருக்க மாட்டார். சின்ன ஆஸ்பத்திரிகளின் எமர்ஜென்சியில் முதலில் உங்களைப் பார்ப்பது மருத்துவ அதிகாரி, அதாவது எம்.ஓ. அவருக்குப் பக்கத்தில் எம்.ஏ. என்று நாம் கூப்பிடும் உதவி மருத்துவ அதிகாரி இருப்பார். எம்.ஓ. என்றால் அரைகுறை டாக்டர் என்று நினைத்துவிடாதீர்கள். மருத்துவப் பட்டம் வாங்கி, இரண்டு வருட ஹவுஸ்மன் பயிற்சியில் மருத்துவம், அறுவை, குழந்தைகள், பிரசவம், எலும்பு என்று பிரிவு பிரிவாகச் சுற்றி முடித்த பிறகுதான் முழுப் பதிவு கிடைக்கும். அவருக்குப் பின்னால் பெரிய ஆஸ்பத்திரியில் நிபுணர் தொலைபேசியில் இருப்பார். நான் அப்படிப் பல இரவுகள் அந்தத் தொலைபேசியின் மறுமுனையில் இருந்திருக்கிறேன். "டாக்டர், மண்ணீரல் பக்கம் கறுப்பு தெரியுது, பிரஷர் 80" என்று ஒரு சின்னக் குரல் சொல்லும்போது, அந்தக் குரலுக்கு எத்தனை வயது என்று நான் யோசித்ததே இல்லை.

எமர்ஜென்சி நிபுணர் என்பவர் இதற்கு மேலே படித்தவர். சில வருடம் எம்.ஓ.வாக வேலை செய்துவிட்டு, நான்கு வருட முதுகலைப் படிப்பு முடித்தவர், அல்லது அதற்குச் சமமாக ஏற்கப்பட்ட வெளிநாட்டுத் தேர்வுகளைத் தேறியவர். நம் நாட்டில் இந்தப் படிப்பே பழசில்லை. 1998-இல்தான் கிளந்தானில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் இதை முதலில் தொடங்கியது. அதனால் இதயத்துக்கு ஒரு நிபுணர், எலும்புக்கு ஒரு நிபுணர் என்று தெரிந்திருக்கும் நம் ஊர்க்காரர்களுக்கு, எமர்ஜென்சிக்கென்று ஒரு நிபுணர் இருப்பதே தெரியாது. நம்மூர்ப் பெரியவர்களிடம் 'எமர்ஜென்சி' என்று சொன்னால் 1948-இல் கம்யூனிஸ்ட் கலவரத்தின்போது அறிவித்த அவசரகாலத்தைத்தான் நினைப்பார்கள். அதுவும் அந்தக் கலவரம் தொடங்கியதே உங்கள் சுங்கை சிப்புட் எல்ஃபில் தோட்டத்தில் துரை சுடப்பட்டதிலிருந்துதான். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

தகுதியைச் சரிபார்ப்பது எப்படி? மலேசிய மருத்துவ மன்றம் என்று ஒன்று இருக்கிறது. 1971-ஆம் ஆண்டின் மருத்துவச் சட்டத்தின்படி அதில் பதிந்தவர்தான் இந்த நாட்டில் டாக்டராகத் தொழில் செய்யலாம். மன்றத்தின் இணையதளத்தில் டாக்டரின் பெயரைப் போட்டுத் தேடலாம், காசு கிடையாது. அங்கே இரண்டு விஷயத்தைப் பாருங்கள். ஒன்று, முழுப் பதிவு இருக்கிறதா. இன்னொன்று, இந்த வருடத்துக்கான தொழில் சான்றிதழ் இருக்கிறதா. இதை ஏ.பி.சி. என்பார்கள். லாரிக்கு ரோட்டு வரி மாதிரி வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். பட்டம் வாங்கியது 30 வருடத்துக்கு முன்னால் என்பது பெரிய விஷயமில்லை, இந்த வருட ஏ.பி.சி. இல்லாமல் அவர் உங்களைத் தொடக்கூடாது.

நிபுணர் என்று ஒருவர் சொல்லிக்கொண்டால், தேசிய நிபுணர் பதிவேட்டில் அவர் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். 2017 ஜூலை 1 முதல் இது கட்டாயம். பதிவேட்டில் இல்லாதவர் நிபுணர் என்று தொழில் செய்யக்கூடாது. எந்தத் துறைக்கு நிபுணர் என்பதும் அங்கேயே போட்டிருக்கும். போர்டில் 'அவசர சிகிச்சை' என்று எழுதியிருப்பது அந்தக் கிளினிக் செய்கிற வேலையைச் சொல்கிறது, உள்ளே இருப்பவரின் படிப்பைச் சொல்லவில்லை. நீங்கள் ஏமாந்தது இங்கேதான் என்று நினைக்கிறேன். அதற்காக உங்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. படித்தவர்களே இதில் குழம்புகிறார்கள்.

தேடும்போது நம் பெயர்களில் ஒரு சிக்கல் வரும். போர்டில் டாக்டர் கே. என்று தொடங்கி ஒரே ஒரு பெயர் இருக்கும். பதிவேட்டில் அடையாளக் கார்டில் உள்ளபடி அப்பா பெயரோடு, 'ஏ/எல்' (மகன்), 'ஏ/பி' (மகள்) எல்லாம் சேர்த்து இருக்கும். எழுத்துக்கூட்டலும் மாறும். நம்மில் ஒரே பெயரை மூன்று விதமாக எழுதுகிறவர்கள் இல்லையா? அதனால் முதல் தடவை கிடைக்கவில்லை என்றதும் 'போலி டாக்டர்' என்று வாட்ஸ்அப்பில் போட்டுவிடாதீர்கள். கிளினிக் கவுண்டரில் முழுப் பெயரைக் கேட்டு வாங்கித் திரும்பத் தேடுங்கள்.

எந்த நாட்டில் படித்தார் என்றும் சிலர் தோண்டுவார்கள். இந்தியாவா, ரஷ்யாவா, இந்தோனேசியாவா என்பதை வைத்து ஒருவரை எடை போட வேண்டாம். மன்றம் ஏற்ற பல்கலைக்கழகமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மன்றத்தின் தேர்வைத் தேறியிருக்க வேண்டும். அதற்குப் பிறகு எல்லாருக்கும் ஒரே ஹவுஸ்மன் பயிற்சிதான், ஒரே இரவுக் கண்விழிப்புதான்.

கேட்பது மரியாதைக் குறைவு என்று நினைக்காதீர்கள். நான் பிறந்தது ரப்பர் தோட்டத்து லயத்தில். எங்கள் தோட்ட ஆஸ்பத்திரியில் ஒரு டிரஸ்ஸர் ஐயா, அதாவது மருத்துவ உதவியாளர், இருந்தார். அலுமினியச் சட்டியில் ஊசி கொதிக்கும் சத்தம் கேட்டால் நான் அம்மாவின் முந்தானைக்குப் பின்னால் போய்விடுவேன். அவர் மேசைக்கு மேலே கண்ணாடிச் சட்டத்தில் ஒரு காகிதம் தொங்கும். தோட்ட டிரஸ்ஸர்களுக்கும் அப்போதே தனிப் பதிவுச் சட்டம் இருந்தது, 1965-இல் வந்தது. என் அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. ஒரு நாள், "ஐயா, அதுல என்ன எழுதியிருக்கு?" என்று கேட்டுவிட்டார். ஐயா கோபப்படவில்லை. நாற்காலியைப் போட்டு ஏறி, சட்டத்தைக் கழற்றி, தூசியைத் துடைத்து, அம்மா கையில் கொடுத்து வரி வரியாகப் படித்துக் காட்டினார். இதுதான் என் பெயர், இதுதான் முத்திரை, இன்னின்ன வேலை செய்ய எனக்கு அனுமதி இருக்கிறது, இதற்கு மேலே போனால் டவுன் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவேன் என்றார். இன்று யாராவது என்னிடம் "நீங்க ஸ்பெஷலிஸ்டா டாக்டர்?" என்று கேட்டால் எனக்கு அந்த நாற்காலிதான் ஞாபகம் வரும். நல்ல டாக்டர் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வார்.

அடுத்து காசு விஷயம்.

'அரசாங்க இன்சூரன்ஸ்' என்று எழுதியிருக்கிறீர்கள். நம் நாட்டில் எல்லாருக்கும் பொதுவான அரசாங்க மருத்துவ இன்சூரன்ஸ் கார்டு என்று ஒன்று கிடையாது. அரசாங்க ஆஸ்பத்திரியே வரிப்பணத்தில் நடக்கிறது. உங்கள் நீல ஐசிதான், அதாவது அடையாளக் கார்டுதான், அதற்குக் கார்டு. எமர்ஜென்சியில் குடிமக்களுக்கு 1 வெள்ளி. நிபுணர் கிளினிக்கில் 5 வெள்ளி. மூன்றாம் வகுப்பு வார்டில் படுத்தால் ஒரு நாளைக்கு 3 வெள்ளி, சாப்பாடும் அதில் சேர்ந்தது. ஈப்போவில் உங்கள் கணவர் வயிற்றைத் திறந்த சர்ஜனின் தகுதிக்கும் இந்தத் தொகைக்கும் சம்பந்தமே இல்லை. மலிவு என்பதால் மட்டம் என்று நம்மவர்கள் நினைப்பது எனக்கு மிகவும் வருத்தம். விலாவில் அடிபட்டவரை 180 வெள்ளி வாங்கும் இடத்துக்கு முதலில் கொண்டு போக வைத்தது அந்த நினைப்பும்தான் என்று படுகிறது.

தனியார் ஆஸ்பத்திரி டெபாசிட் கேட்கும், அது அவர்கள் வழக்கம். ஆனால் உயிர் போகிற நிலையில் யார் வந்தாலும், உயிரைக் காப்பாற்றும் முதல் உதவிகளைச் செய்யத் தயாராக இருக்க வேண்டும் என்று நான் மேலே சொன்ன 1998 சட்டத்தின் 38-ஆவது பிரிவு சொல்கிறது. வாசலில் காசுப் பேச்சு இழுத்தால், "முதலில் ஆளைப் பாருங்கள், நிலையான பிறகு அரசாங்க ஆஸ்பத்திரிக்கு மாற்றிவிடுங்கள்" என்று தெளிவாகக் கேளுங்கள்.

சொக்சோ, அதாவது பெர்கேசோ, மருத்துவ இன்சூரன்ஸ் இல்லை. இது புரிந்தால் பாதிக் குழப்பம் தீரும். அது வேலையில் படும் காயத்துக்கும், வேலையால் வரும் நோய்க்கும், வேலை செய்யவே முடியாமல் போவதற்கும் உள்ள பாதுகாப்பு. வீட்டில் வரும் காய்ச்சலுக்கு அது செல்லாது. வேலைக் காயத்துக்கு அரசாங்க ஆஸ்பத்திரி, அரசாங்கக் கிளினிக், அப்புறம் சொக்சோவின் பேனல் கிளினிக் (அதன் பட்டியலில் உள்ள கிளினிக்), இங்கெல்லாம் சிகிச்சை உண்டு. அந்த 24 மணி நேரக் கிளினிக் பேனலில் இல்லை என்றால், 'செல்லாது' என்று அவர்கள் சொன்னது பொய்யில்லை. உங்கள் தோட்டத்துக்குப் பக்கத்தில் எந்தக் கிளினிக் பேனலில் இருக்கிறது என்பதை இப்போதே கேட்டு, காலண்டருக்குப் பக்கத்தில் எழுதி ஒட்டுங்கள். அந்த 180 வெள்ளி ரசீதையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், கிளெய்ம் கொடுக்கும்போது அதையும் காட்டிக் கேளுங்கள்.

உங்களுக்கு ஒரு நல்ல செய்தி. வீட்டிலிருந்து வேலைக்கு நேர் வழியில் போகும்போது நடக்கும் விபத்தும் வேலைக் காயம்தான். பெரட்டுக்குப் போகும் வழியில் விழுந்தார் என்று எழுதியிருக்கிறீர்கள், அது இதில் சேரும். எம்சி குறைந்தது 4 நாள் இருந்தால், அந்த நாட்களுக்குச் சராசரி நாள் கூலியில் 80 விழுக்காட்டை சொக்சோ கொடுக்கும். ஒரு நாளைக்குக் குறைந்தது 30 வெள்ளி. பேச்சுக்கு, சராசரி 70 வெள்ளி என்று கணக்கானால் நாளைக்கு 56, இரண்டு மாத எம்சிக்கு 3,360 வெள்ளி. இது யாரும் போடும் பிச்சை இல்லை. மண்ணீரல் போனது நிரந்தர இழப்பா என்பதைத் தனியாக மருத்துவக் குழு பார்க்கும். சிகிச்சை முடிந்ததும் அதற்கும் மனு போடச் சொல்லுங்கள்.

இனி காண்ட்ராக்டர். "டன் கணக்கில் கூலி, அதனால் நீ என் ஆள் இல்லை" என்பது தோட்டங்களில் நான் கேட்டுக் கேட்டுச் சலித்த பேச்சு. கூலியை நாளுக்குக் கொடுத்தாலும் டன்னுக்குக் கொடுத்தாலும், எங்கே வெட்டு, எத்தனை மணிக்கு வா என்று சொல்கிறவர் ஒருவர் இருந்து அவரிடம் வேலை செய்தால் தொழிலாளிதான். 2023 ஜனவரி 1 முதல் வேலைவாய்ப்புச் சட்டத்திலேயே இதற்கென்று பிரிவு சேர்த்திருக்கிறார்கள்: எழுத்தில் ஒப்பந்தம் இல்லாவிட்டாலும், வேலை நேரத்தை மற்றவர் முடிவு செய்தால், கருவியை மற்றவர் கொடுத்தால், அந்த வேலை அவருடைய தொழிலின் பகுதியாக இருந்தால், அவர் முதலாளி, இவர் தொழிலாளி என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். அது மட்டுமல்ல, சொக்சோ சட்டத்தில் காண்ட்ராக்டருக்கு மேலே இருக்கும் முதன்மை முதலாளிக்கும், அதாவது தோட்ட நிர்வாகத்துக்கும், சந்தா விஷயத்தில் பொறுப்பு இருக்கிறது. வேலைக் காயத்துக்கு இத்தனை மாதம் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் கிடையாது. சந்தா கட்டாதது முதலாளியின் குற்றம்.

அதனால் காண்ட்ராக்டரோடு வாக்குவாதம் செய்து களைத்துப் போகாதீர்கள். நேராக சொக்சோ அலுவலகத்துக்குப் போங்கள். விபத்து நடந்தது தெரிந்த 48 மணி நேரத்துக்குள் சொக்சோவுக்கு அறிவிக்க வேண்டியது முதலாளி. அவர் செய்யவில்லை என்பதையும் அங்கே சொல்லுங்கள். போலீஸ் ரிப்போர்ட் வேண்டும். இன்னும் போடவில்லை என்றால் நாளைக்கே போடுங்கள், விழுந்த இடம், நேரம், பெரட்டுக்குப் போகும் வழி என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள். எம்சி எல்லாம், ஈப்போ டிஸ்சார்ஜ் கடிதம், ஐசி நகல், வங்கிப் புத்தகம், வீட்டிலிருந்து பெரட்டுக் களத்துக்கு வழி வரைந்த ஒரு படம், இவை தேவைப்படும். கூலி வாங்கியதற்கு எந்தச் சீட்டு இருந்தாலும் எடுத்து வையுங்கள். கிராணி (தோட்டக் கணக்கர்) கையெழுத்துப் போட்ட டன் சீட்டு, வாட்ஸ்அப்பில் 'நாளைக்கு 7 நம்பர் கட்டை' என்று காண்ட்ராக்டர் அனுப்பிய செய்தி, எல்லாமே சாட்சிதான். கூட வேலை செய்யும் இரண்டு பேர் சாட்சி சொல்ல வந்தால் இன்னும் நல்லது. சொக்சோவின் தொலைபேசி 1-300-22-8000. மலாயில் பேசத் தயக்கமாக இருந்தால் மகனைக் கூட்டிக்கொண்டு போங்கள். உங்களோடு குலை வெட்டும் இந்தோனேசிய, வங்காளதேசத் தொழிலாளர்களுக்கும் 2019 ஜனவரி 1 முதல் வேலைக் காயத்துக்கு சொக்சோ உண்டு. அவர்களிடமும் இதைச் சொல்லுங்கள், பலருக்குத் தெரியாது.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. டாக்டராக இதை எழுதாமல் என்னால் முடிக்க முடியாது.

மண்ணீரல் இல்லாமல் வாழலாம், குலையும் வெட்டலாம், சர்ஜன் சரி என்று சொன்ன பிறகு. ஆனால் சில கிருமிகளோடு சண்டை போடும் வேலையை அது செய்துகொண்டிருந்தது. அது போய்விட்டதால் அவருக்கு வரும் காய்ச்சல் மற்றவர்களுக்கு வரும் காய்ச்சல் மாதிரி இல்லை. சில மணி நேரத்திலேயே ஆளைக் கவிழ்த்துவிடும். நிமோகோக்கஸ், மெனிஞ்சோகோக்கஸ், ஹிப் என்று மூன்று கிருமிகளுக்குத் தடுப்பூசி போட வேண்டும், வருடா வருடம் ஃப்ளூ ஊசியும் நல்லது. டிஸ்சார்ஜ் கடிதத்தில் இது எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லை என்றால் ஈப்போவில் அடுத்து காட்டப் போகும்போது, "மண்ணீரல் எடுத்தவருக்குத் தடுப்பூசி போட்டாயிற்றா?" என்று நீங்களே கேளுங்கள். காய்ச்சல் 38 டிகிரியைத் தொட்டாலோ, குளிரில் உடம்பு நடுங்கினாலோ பெனடோல் போட்டுக் காலை வரை பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். இரவு இரண்டு மணியானாலும் எமர்ஜென்சிக்கு வந்துவிடுங்கள். நாய் கடித்தாலும் அப்படித்தான், லயத்து நாயாக இருந்தாலும். காட்டோரம் மலேரியா உள்ள இடங்களுக்குப் போவதாக இருந்தால் முன்கூட்டியே டாக்டரிடம் கேட்க வேண்டும்.

ஒரு சின்ன அட்டையில் மலாயிலும் தமிழிலும் 'மண்ணீரல் எடுக்கப்பட்டவர்' என்று எழுதி, ஆபரேஷன் நடந்த தேதி, போட்ட ஊசிகள், உங்கள் தொலைபேசி எண் ஆகியவற்றைச் சேர்த்து, அவருடைய பர்ஸில் ஐசிக்குப் பின்னால் வையுங்கள். அடுத்த தடவை அவரைப் பார்க்கப் போகும் டாக்டர் இன்னொரு சின்னப் பிள்ளையாக இருக்கலாம். உங்கள் கணவரால் பேச முடியாவிட்டாலும் அந்த அட்டை அவரிடம் சொல்லிவிடும். தடுப்பூசி போட்டதும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.